பக்கத்து ஊர் விஞ்ஞானி

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

கிராமங்களில் விஞ்ஞான அறிவு பரவ வேண்டும் என்பதில் இன்று எவருக்கும் மாறுபட்ட கருத்து இல்லை. அதனை யார் வாயிலாகப் பரப்புவது என்பதே கேள்வி. இக்கட்டுரையில் அதற்கு நாம் கூற விரும்பும் விடை சுருக்கமானது. வயதாலும், ஊராலும், வாழ்க்கை நிலையாலும் நம் பிள்ளைகளுக்கு நெருங்கியவராக உள்ள இளம் விஞ்ஞானியே அப்பணிக்கு மிகவும் ஏற்றவர். குடியானவர்களுக்கும் இது பொருந்தும். இவ்விடை நமக்கு நூல்களிலிருந்து முதலில் கிட்டவில்லை. நாம் செய்த ஒரு தவற்றிலிருந்து கிட்டியது. ஆதலின் அத்தவற்றையே முதற்கண் கூறுவோம்.

படத்தில் இருப்பவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன், திருவண்ணாமலை மாவட்டத்தில் நாம் பணியாற்றிய ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் தேசிய விஞ்ஞான தினத்தைக் கொண்டாடினோம். சர் சி. வி. இராமன் 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவின் நினைவாக நாடெங்கும் கொண்டாடப்படும் நாள் அது. ஊராட்சி அலுவலகத்தின் முன் பந்தல் இட்டோம். இராமன், அப்துல் கலாம், மேரி கியூரி, ஐன்ஸ்டீன் ஆகியோரின் படங்களை வரிசையாக வைத்து மாலை சூட்டினோம். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. மூவர் சொற்பொழிவாற்றினர், நான்காவதாக நாமும் பேசினோம். பிள்ளைகள் இரண்டு மணி நேரம் அசையாது அமர்ந்திருந்தனர். உரிய இடங்களில் கை தட்டினர்.

முடிவில், “உங்களில் யார் யார் விஞ்ஞானி ஆகப் போகிறீர்கள்?” என்று வினவினோம். நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்த அக்கூட்டத்தில், ஆசிரியர் தோளைத் தட்டியதால் ஒரு சிறுவன் மட்டும் கையை உயர்த்தினான். முன்வரிசையில் இருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை நோக்கி, “நீ ஏனம்மா கை தூக்கவில்லை?” என்றோம். அவள் எழுந்து நின்று, “அவங்க எல்லாம் படத்தில இருக்கறவங்க, சார்” என்றாள்.

அன்று அவ்விடை நமக்கு வேடிக்கையாகவே பட்டது. இரவு வீடு திரும்பும் வழியில்தான் அதன் பொருள் உறைத்தது. நம் வீடுகளில் மாலை சூட்டிய படம் சுவரில் தொங்கினால், அவர் காலமானவர் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். வணங்கத் தக்கவர், ஆனால் இனி நம்மிடையே வரமாட்டாதவர் என்பதே மாலையின் பொருள். நாம் அன்று விஞ்ஞானத்தையே சுவரில் மாட்டி மாலை சூட்டிவிட்டோம். அப்பெண் கூறியதில் பிழை ஒன்றுமில்லை, பிழை நம்முடையது.

கோயில் நகரத்தைச் சூழ வாழும் நமக்கு இதனை எளிதில் விளக்கலாம். கார்த்திகை நாளில் அண்ணாமலை உச்சியில் ஏற்றப்படும் தீபத்தைப் பல கல் தொலைவிலிருந்தும் கண்டு கை கூப்புகிறோம். ஆயினும் நம் வீட்டு வாசலில் உள்ள அகலை ஏற்றுவதற்கு, அடுத்திருக்கும் அகலிலிருந்துதான் சுடரை எடுக்கிறோம். இராமனும் ஐன்ஸ்டீனும் மலைமேல் தீபம். வேண்டுமென்பது அடுத்த வாசல் அகல்.

இஸ்திரி வண்டியும் ஒரு மாணவியும்

உள்ளூர் மாடு உள்ளூர்ச் சந்தையில் விலை போகாது என்பது பழமொழி. நம் நகரத்துப் பிள்ளை ஒருத்தியின் வரலாற்றை உலகம் அறிந்த அளவுக்கு நம் கிராமங்கள் அறிந்திருக்கின்றனவா என்பது ஐயமே. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

திருவண்ணாமலையில் பள்ளியில் பயின்ற வினிஷா உமாசங்கர் என்ற மாணவி, வீடு திரும்பும் வழியில், இஸ்திரி போடுபவர் ஒருவர் எரிந்த கரியைத் தெருவோரத்தில் கொட்டுவதைக் கண்டார். நாமும் நாள்தோறும் காணும் காட்சிதான் அது. நாம் கடந்து செல்கிறோம். அவர் நின்று எண்ணினார். அக்கரி எங்கிருந்து வருகிறது? அதற்காக வெட்டப்படும் மரங்கள் எத்தனை? நாள் முழுவதும் அப்புகையை உட்கொள்ளும் தொழிலாளியின் நுரையீரல் என்னாகும்? நாடெங்கும் தெருக்கள் தோறும் இத்தகைய வண்டிகள் நிற்கின்றனவே, அனைத்தையும் சேர்த்தால் எவ்வளவு கரி? இவ்வினாக்களின் முடிவில் அவர் ஒரு வண்டியைத் திட்டமிட்டார்.

அதன் அமைப்பு எவர்க்கும் விளங்கக்கூடியது. மிதித்து ஓட்டக்கூடிய வண்டி. அதன் கூரையில் சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் தகடுகள். அம்மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரி. கரிப் பெட்டிக்குப் பதிலாக மின் இஸ்திரிப் பெட்டி. ஐந்து மணி நேர வெயிலில் பாட்டரி நிறைந்தால் ஆறு மணி நேரம் துணி தேய்க்கலாம் என்பது அவருடைய திட்டம். வெயில் இல்லாத நாளில் வீட்டு மின்சாரத்தாலும் பாட்டரியை நிறைக்கலாம். கைப்பேசிக்கு மின்னேற்றிக் கொடுத்துத் தொழிலாளி சிறிது கூடுதல் வருமானமும் பெறலாம். வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்கே வண்டியை ஓட்டிச் செல்லலாம்.

இவ்வெண்ணத்திற்கு 2019-ஆம் ஆண்டில் டாக்டர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம் பெயரால் வழங்கப்படும் இக்னைட் விருது கிடைத்தது. அவ்விருதை வழங்கும் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் பொறியாளர்களுடைய துணையால் மாதிரி வண்டி உருவாயிற்று. 2020-இல், பதினான்கு வயதில், சுவீடன் நாட்டில் வழங்கப்படும் குழந்தைகள் பருவநிலைப் பரிசைப் பெற்றார். 2021-இல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானார். அதே ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் பருவநிலை மாநாட்டில், உலகத் தலைவர்கள் முன்னிலையில் உரையாற்றினார். வெறும் வாக்குறுதிகளை நிறுத்திவிட்டுச் செயலில் இறங்குங்கள் என்பதே அவ்வுரையின் சாரம்.

எர்த்ஷாட் பரிசு அவருக்குக் கிட்டவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குக் கூற வேண்டும். தூய காற்றுக்கான அவ்வாண்டுப் பரிசை வென்றது டெல்லியைச் சேர்ந்த வித்யுத் மோகன் என்ற இளம் பொறியாளர் இணைந்து தொடங்கிய டகாசார் என்னும் நிறுவனம். வயலில் வீணே கொளுத்தப்படும் பயிர்க் கழிவை எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றும் சிறு கருவி அவர்களுடையது. ஒரே சுற்றில் நின்ற இருவரும் இளைஞர்கள். ஒருவர் தெருக் கரியைப் பற்றிச் சிந்தித்தார், மற்றவர் வயல் தாளைப் பற்றிச் சிந்தித்தார். இரண்டும் நமக்கு அந்நியமானவை அல்ல.

இவ்வரலாற்றைப் பரிசுகளின் பட்டியலாகக் கூறினால் பிள்ளைகள் கை தட்டுவர், அவ்வளவே. வினிஷாவின் படத்திற்கும் மாலை சூட்டியதாக முடியும். வரலாறு தொடங்கும் இடத்தைச் சுட்டிக் காட்டுவதே பயன் தரும். அவர் கண்டார், கேட்டார், கணக்கிட்டார், வரைந்தார், அறிந்தோரிடம் காட்டினார், பிறர் துணையோடு செய்தார். இவற்றுள் முதல் நான்கையும் எட்டாம் வகுப்பு மாணாக்கர் எவரும் தம் ஊரில் இருந்தபடியே செய்ய முடியும். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் பெரியவர்கள் துணை நிற்க வேண்டும். ஊராட்சியின் கடமை அங்கே தொடங்குகிறது.

ஆராய்ச்சிகள் கூறுவது

நெருங்கியவரைக் கண்டே குழந்தை துணிவு கொள்கிறது என்பது வெறும் ஊகமன்று. உலகின் பல பகுதிகளில் இதனை ஆராய்ந்துள்ளனர். மூன்று செய்திகளை மட்டும் ஈண்டுத் தருகிறோம்.

டேவிட் வேட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர், சிறுவர் சிறுமியரிடம் தாளைக் கொடுத்து, ‘ஒரு விஞ்ஞானியை வரைக’ என்று மட்டும் கூறினார். 4,807 குழந்தைகள் வரைந்த படங்களைத் தொகுத்து 1983-இல் முடிவை வெளியிட்டார். வெள்ளை அங்கி, மூக்குக் கண்ணாடி, தாடி, கண்ணாடிக் குடுவைகள் ஆகியவையே மீண்டும் மீண்டும் வந்தன. பெண்ணை விஞ்ஞானியாக வரைந்தவர் 28 பேர் மட்டுமே; அந்த 28 பேரும் சிறுமியர். அதாவது, விஞ்ஞானி என்பவர் வேறு எங்கோ இருக்கும் வேறு எவரோ என்ற எண்ணம் சின்னஞ்சிறு வயதிலேயே பதிந்துவிடுகிறது. நம் பள்ளிக்கூடத்தில் இச்சோதனையைச் செய்து பார்க்கக் காசு செலவில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும்.

இரண்டாவது, பிரான்சு நாட்டுச் செய்தி. பாரிஸ் நகரையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் சேர்ந்த உயர்நிலைப் பள்ளிகளுக்கு, விஞ்ஞானத் துறையில் பணியாற்றும் பெண்கள் 56 பேர் அனுப்பப்பட்டனர். வகுப்புக்கு ஒரு மணி நேரம். ஏறத்தாழ 20,000 மாணாக்கர். அச்சந்திப்புக்குப் பின், விஞ்ஞானப் பிரிவில் இறுதி வகுப்புப் பயின்ற பெண்களுள், போட்டி மிகுந்த விஞ்ஞானப் படிப்புகளில் சேர்ந்தோர் தொகை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்தது. ஒரு மணி நேரத்தின் பயன் இது. இன்னொன்றும் தெரியவந்தது. ‘இத்துறையில் பெண்கள் மிகக் குறைவு’ என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தியதைவிட, தம் வேலை எத்தகையது, அதில் தமக்குள்ள மகிழ்ச்சி யாது என்று இயல்பாக எடுத்துரைத்ததே மிகுந்த பலன் அளித்தது.

மூன்றாவது, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு. ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணாக்கர் 402 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு ஐன்ஸ்டீன், மேரி கியூரி, பாரடே ஆகியோரின் சாதனைகளை மட்டும் படிக்கத் தந்தனர். மற்றோருக்கு அதே மூவர் பட்ட துன்பங்களையும் தோல்விகளையும் படிக்கத் தந்தனர். தோல்வியைப் படித்தவர்களின் விஞ்ஞான மதிப்பெண் உயர்ந்தது. அதிலும் பின்தங்கிய மாணாக்கருக்கே பயன் மிகுதி. சாதனையை மட்டும் படித்தோருக்கு அப்பயன் கிட்டவில்லை. நம் பந்தலில் நான்கு பேர் பேசியதும் சாதனை மட்டுமே என்பதை வாசகர் நினைவிற் கொள்ளலாம்.

விழுப்புரமும் செங்கோட்டையும்

நெருக்கம் என்பது வயதை மட்டும் பொறுத்ததன்று. தூரத்துப் பெரியவரையும் நெருங்கியவராக ஆக்கிக் காட்டலாம். 2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நம் பிள்ளைகள் யாவரும் கண்டனர். அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் நமக்கு அடுத்த விழுப்புரத்தைச் சேர்ந்தவர். தந்தையார் ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளர். பள்ளிக்குப் பின் அவர் நேரே பெரிய கல்லூரிக்குச் செல்லவில்லை. பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று, அதன் பின்னரே பொறியியல் பட்டம், மேற்பட்டம், முனைவர் பட்டம் என்று படிப்படியாக ஏறினார். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்தவர், குடியானவர் மகள்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த பையனை ‘படிப்பு ஏறாதவன்’ என்று கருதும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அத்தகைய பையனுக்கு நிலவில் இறங்கிய கலத்தைவிட, அக்கலத்தை இறக்கியவர் பட்டயப் படிப்பில் தொடங்கினார் என்ற செய்தியே பெரிது. ஆதலின், பெரியோர் வரலாற்றைக் கூறும்போது அவர்தம் ஐம்பதாம் வயதை விடுத்துப் பதினைந்தாம் வயதைக் கூறுக.

மல்லாட்டைச் செடியோடு வந்த பெண்

நம் தவற்றை உணர்ந்த மறு ஆண்டு, அதே கிராமத்தில் பந்தலும் மாலையும் இல்லாத ஒரு கூட்டத்தை ஏற்பாடு செய்தோம். வேளாண்மைக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு பயின்ற பெண் ஒருவர் வந்தார். நான்கு கல் தொலைவில் உள்ள கிராமத்தைச் சேர்ந்தவர்; இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உடைய குடும்பம். பேருந்தில் வந்து இறங்கியவர் கையில், வழியில் பிடுங்கி வந்த வேர்க்கடலைச் செடி இருந்தது. நம் பக்கத்தில் மல்லாட்டை என்போமே, அதுதான்.

அவர் மேடை ஏறவில்லை. வேப்ப மரத்தடியில் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, செடியின் வேரில் உள்ள சிறு முடிச்சுகளை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தது. “முடிச்சின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. உள்ளே சிவப்பாக இருந்தால் அவை வேலை செய்கின்றன என்று பொருள்” என்றார். பிள்ளைகள் எழுந்தோடினர். அடுத்த கொல்லையிலிருந்து ஆளுக்கொரு செடியைக் கொண்டுவந்து கிள்ளத் தொடங்கினர். கொல்லைக்காரர் சத்தமிட்டதும், அவரைச் சமாதானம் செய்ய நாம் சென்றதும் தனிக் கதை.

பின்னர் வினாக்கள் எழுந்தன. அவற்றைக் கேட்டு நாம் வியந்தோம். விஞ்ஞானத்தைப் பற்றிய வினாக்கள் மூன்றோ நான்கோதான். மற்றவை யாவும் வேறு. “அக்கா, ஹாஸ்டலில் தனியா இருக்கப் பயமா இல்லையா?” “இங்கிலீஷ் தெரியாம எப்படிப் படிச்சீங்க?” “எவ்வளவு பணம் கட்டணும்?” “உங்க அப்பா ஒத்துக்கிட்டாரா?” அவர் எதையும் மறைக்கவில்லை. முதல் பருவத் தேர்வில் ஒரு பாடத்தில் தவறியதையும், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டியதையும், தாயார் மறு பேருந்தில் ஏற்றி அனுப்பியதையும் கூறினார். ஐன்ஸ்டீன் படத்திடம் இவ்வினாக்களை யார் கேட்க முடியும்? விஞ்ஞானத்திற்கும் நம் பெண்களுக்கும் நடுவே நிற்பது வெறும் பாடம் அன்று. பேருந்தும், விடுதியும், கட்டணமும், தந்தையின் சம்மதமுமே என்பதை அன்று உணர்ந்தோம்.

மாலையில் குடியானவர்கள் கூடினர். மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட வேண்டும் என்று அப்பெண் கூறியதும், முதியவர் ஒருவர், “ஐம்பது வருஷமா நான் போட்டதில்லை, எனக்குக் காய் பிடிக்கலையா?” என்றார். கூட்டம் சிரித்தது. அப்பெண் சினங்கொள்ளவில்லை. “தாத்தா சொல்வதும் சரிதான். காய் பிடிக்கும், பொக்கு எத்தனை என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்” என்றார். மற்றச் செடிகளைப் போலன்றி, மல்லாட்டைக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன்னைச் சூழ்ந்த மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சுகிறது; அது குறைந்தால் பருப்பு முற்றாமல் காய் பொக்காகிறது என்று விளக்கினார். “உங்கள் மண்ணில் எவ்வளவு தேவை?” என்று முதியவர் மடக்கியபோது, “மண்ணைச் சோதிக்காமல் எனக்குச் சொல்லத் தெரியாது; கேட்டு வந்து சொல்கிறேன்” என்றார். அடுத்த வாரம் வந்து சொல்லவும் செய்தார்.

‘எனக்குத் தெரியாது’ என்ற அச்சொல்லே அம்முதியவரை வென்றது. அப்பருவத்தில் அவர் தம் நிலத்தில் ஒரு பாதிக்கு மட்டும் ஜிப்சம் இட்டார். அறுவடையின்போது இரு பாதியிலிருந்தும் ஒவ்வொரு படிக் காயை எடுத்துத் திண்ணையில் கொட்டி, பொக்கைத் தனியே பிரித்து எண்ணினார். ஜிப்சம் இட்ட பாதியில் பொக்கு குறைவு என்பதை அவரே ஊரார்க்குக் கூறினார். ஒரே நிலம், ஒரே விதை, ஒரே மழை. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல், பார்த்ததை எண்ணுதல்: விஞ்ஞானம் என்பது இதுவே. அம்முதியவரும் அன்று விஞ்ஞானிதான். அவ்வாறு கூறினால் அவர் நம்பமாட்டார்.

இதில் நமக்கு வருத்தமும் உண்டு. அவ்வாண்டு பத்தாம் வகுப்பு முடித்த பெண்களுள் இருவர், தாய்மார்கள் அக்கல்லூரிப் பெண்ணிடம் கலந்து பேசிய பின், பதினோராம் வகுப்பில் விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தனர். ‘படத்தில் இருப்பவர்கள்’ என்று நமக்கு உணர்த்திய பெண் அவர்களுள் இல்லை. அவள் அதற்கு முந்தைய கோடையிலேயே பஞ்சாலை வேலைக்குச் சென்றுவிட்டாள். மதிப்பெண் குறைந்தவள் அல்லள் என்று தலைமையாசிரியர் கூறினார். நான்கு கல் தொலைவில் இருந்தவரை அழைக்க நமக்கு ஓராண்டு பிடித்தது. அவ்வோராண்டின் விலையைக் கொடுத்தவள் அவள்.

கவனிக்க வேண்டியவை

இளம் விஞ்ஞானிகளை அழைப்போர் மூன்று செய்திகளை மனத்திற் கொள்வது நலம்.

முதலாவது, அவர்களைத் தெய்வமாக்கக் கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் உலகைக் காக்கும் பாரத்தை ஏற்றுவது அன்பாகாது. மாதிரி வண்டி ஒன்றைச் செய்வது வேறு. ஆயிரம் தெருக்களில் அவ்வண்டி ஓடுவது வேறு. பின்னதற்கு விலையும், கடனுதவியும், பழுது பார்ப்போரும் வேண்டும். அது பெரியவர்களின் வேலை.

இரண்டாவது, வருபவர் ஊராரை அறியாதவராக எண்ணிப் பேசலாகாது. நம் குடியானவர்கள் பயன்படுத்தும் டி.எம்.வி. என்ற வேர்க்கடலை ரகங்களின் பெயரே திண்டிவனத்தைக் குறிப்பது. அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை அவை. ஆகவே விஞ்ஞானம் ஏற்கெனவே நம் விதைக் கூடையில் இருக்கிறது. அதனைத் தொடர்வதற்கே இளைஞர் வருகிறார்.

மூன்றாவது, ஒரு முறை வந்து செல்வது போதாது. மீண்டும் வர இயலாதவரைவிட, மாதம் ஒரு முறை வரக்கூடிய எளியவரே மேல்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

1. ஊரில் பிறந்து, கல்லூரியில் விஞ்ஞானம், வேளாண்மை, மருத்துவம், பொறியியல் பயிலும் இளைஞர்களின் பட்டியலைத் தயாரிக்க. பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலைய மாணாக்கரை விட்டுவிட வேண்டா. விடுமுறையில் ஊர் திரும்புவோரை ஒரு மாலை பள்ளிக்கு அழைக்க. செலவு தேநீர் மட்டுமே.

2. வேளாண்மைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணாக்கர், ஊரக வேளாண் பணி அனுபவப் பயிற்சிக்காகக் கிராமங்களில் தங்குகின்றனர். நம் மாவட்டத்தில் வாழவச்சனூரிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி உள்ளது. இம்மாணாக்கர் வரும்போது செயல்விளக்கத்திற்கு ஒரு கொல்லையையும், பேசுவதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரத்தையும் பெற்றுத் தருக.

3. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயில்வோர்க்காக, 2022 நவம்பர் 28-ஆம் நாள் வானவில் மன்றம் என்னும் நடமாடும் ஆய்வுக்கூடத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் கருத்தாளர்கள் எளிய கருவிகளோடு பள்ளிகளுக்குச் சென்று சோதனை செய்து காட்டுவோர். உங்கள் பள்ளிக்கு அவர் வரும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிந்து, உறுப்பினர் ஒருவரேனும் சென்று அமர்க. பிள்ளைகள் செய்வதைப் பெரியவர் வந்து பார்ப்பதே ஒரு பரிசு.

4. மத்திய அரசின் இன்ஸ்பயர் விருது-மானக் திட்டத்தில், பள்ளி வாயிலாக அனுப்பப்படும் மாணாக்கரின் எண்ணம் தேர்வானால், மாதிரி செய்ய ரூ. 10,000 வழங்கப்படுகிறது. எண்ணத்தை அனுப்புவது ஆசிரியர் வேலை. அவ்வெண்ணம் பிறக்கத்தக்க இடங்களைக் காட்டுவது ஊரார் வேலை. பம்பு மெக்கானிக், தச்சர், கொல்லர் ஆகியோரின் பட்டறைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்க. அவர்களும் ஆசான்மாரே.

5. கிராம சபைக் கூட்டங்களுள் ஒன்றிலேனும் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குக. உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22-ஆம் நாள் இதற்கு மிகப் பொருத்தம். ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் கயிறு விட்டு அளந்து எழுதி வந்த பிள்ளைகள், அதனைச் சபையில் படித்துக் காட்டட்டும். அக்கணக்கைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்க.

6. பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் முன்னரே, கல்லூரியில் பயிலும் பெண் ஒருவரைத் தாய்மார்களோடு சந்திக்கச் செய்க. தேர்வு முடிவு வந்த பின் செய்தால் காலம் கடந்திருக்கலாம். இதனை நாம் அனுபவத்தால் கூறுகிறோம்.

மேற்கூறியவற்றுள் எதற்கும் பெரும் நிதி தேவையில்லை. மேலிடத்து உத்தரவும் தேவையில்லை. பட்டியலை எழுத ஒரு தாள், அழைக்க ஒரு தொலைபேசி, உட்கார ஒரு மரத்தடி ஆகியவை எல்லா ஊர்களிலும் உள்ளன. அடுத்த பிப்ரவரி 28-ஆம் நாள் வரை காத்திராமல், வரும் விடுமுறையிலேயே தொடங்குமாறு ஊராட்சி உறுப்பினர்களையும் குடியானவப் பெருமக்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊரிலிருந்து கல்லூரியில் விஞ்ஞானம் பயில்வோர் எத்தனை பேர்? அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்? அவர்களுடைய பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

2. உங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லுங்கள். எத்தனை பேர் பெண்ணை வரைந்தனர்? எத்தனை பேர் வயலில் நிற்பவரை வரைந்தனர்?

3. வினிஷாவின் கண்ணில் பட்ட கரியைப் போல, உங்கள் தெருவில் நாள்தோறும் கண்டும் நின்று எண்ணாமல் கடந்து செல்லும் காட்சி யாது?

4. சென்ற ஆண்டு பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்கள் யார் யார்? அவர்களைச் சந்தித்துப் பேச உங்களுள் யார் செல்லப் போகிறீர்கள்?